இல்லத்தில் இசைப்பதிவு: கருவிகளைத் தெரியும் முறை

பாட்டின் சொல்லை ஏட்டில் எழுதி வைக்கலாம். இராகத்தின் ஆரோகண அவரோகணங்களைச் சுரக்குறிகளால் ஒருவாறு காட்டிவிடலாம். பாடுவோரின் குரலையோ எந்த எழுத்தாலும் எழுதி வைத்தல் இயலாது. யாழ்ப்பாணத்துக் கோயில்கள் பலவற்றுக்குத் திருவூஞ்சற் பாக்கள் உண்டு. அச்சேறிய சிறு நூல்களாக அவை இன்றும் கிடைக்கின்றன. ஆயின், திருவிழாக் காலத்தில் ஊஞ்சலின் முன் நின்று அவற்றைப் பாடிவந்த முதியவரின் மெட்டு அந்நூல்களில் இல்லை. கந்தபுராண படனத்தில் ஒருவர் செய்யுளை இசையோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்லும் முறையும் இத்தகையதே. நூல் நிற்கும், வாசித்த குரல் வாசித்தவரோடு போய்விடும்.

இக்குறையை நீக்கும் வழி 1877 ஆம் ஆண்டில் தோமஸ் அல்வா எடிசன் ஒலியைப் பதிந்து மீளவும் ஒலிக்கச் செய்த நாளிலேயே திறந்தது. எனினும், நெடுங்காலம் அது கம்பனிகளுக்கும் வானொலி நிலையங்களுக்குமே உரிய வழியாயிருந்தது. 1902 ஆம் ஆண்டில் கிராமபோன் கம்பனியின் பிரெட் கைஸ்பேர்க் கல்கத்தாவிற் கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவுசெய்தபோது ஒரு தட்டில் ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டே அடங்கிற்று. யார் பாடவேண்டும், எதனைப் பாடவேண்டும், எவ்வளவு நேரம் பாடவேண்டும் என்பன எல்லாம் தட்டை விற்பவர் விருப்பம். ஊர்க்கோயில் ஓதுவாரையோ, பேரப்பிள்ளைகளுக்குத் தாலாட்டுப் பாடும் பாட்டியையோ தேடி அக்கம்பனிகள் வரவில்லை. இன்று அவ்விடர் இல்லை. ஒரு மடிக்கணினியும் சில சிறு கருவிகளும் உடையவர் தம் இல்லத்திலேயே, மணிக்கணக்காக, செம்மையான பதிவைச் செய்துகொள்ளலாம்.

இதனை அறிந்த பழைய மாணவரும் இளம் மாணவரும் முதலிற் கேட்கும் வினா ஒன்றே: “எந்தக் கணினியை வாங்கலாம்?” வினாவிற் பிழையில்லை, அது வரவேண்டிய இடந்தான் வேறு. கிணற்றிலிருந்து தோட்டத்துக்கு நீர் பாயும் வாய்க்காலை நினைத்துப் பாருங்கள். தலைமடையிற் கலங்கிய நீர் கடைமடையில் தெளியாது. ஒலியும் அவ்வாறே கண்டத்திற் பிறந்து, அறையிற் பரவி, ஒலிவாங்கியிற் புகுந்து, இலக்கமாக மாறி, ஈற்றிலேயே கணினியை அடைகின்றது. கணினி கடைமடையில் நிற்பது. அதற்கு மேலே கெட்டதை அது திருத்தித் தராது. ஆதலால் தலைமடையிலிருந்தே தொடங்குவோம்.

முதலாவது கருவி, காசு கொடுத்து வாங்க வேண்டாத கருவி. அது நீங்கள் பதிவு செய்யும் அறை. சீமெந்துத் தரையும் வெறுஞ்சுவரும் உள்ள அறையிற் பாடினால் ஒலி சுவருக்குச் சுவர் தெறித்து மீள்கின்றது. நேரிற் கேட்கும் நம் செவியும் மனமும் அதனைப் பொருட்படுத்தா. ஒலிவாங்கிக்கு அந்தத் தாராளம் இல்லை. அது கேட்டதனைத்தையும் பதிந்துவிடும். அவ்வாறு பதிந்த எதிரொலியைப் பின்னர்ப் பாட்டினின்றும் பிரித்தெடுத்தல் பாலிற் கலந்த நீரைப் பிரிப்பதை ஒக்கும். ஆகவே வீட்டிற் பெரிய அறையைத் தேடாது, பொருள் நிறைந்த அறையைத் தேடுக. புத்தக அலுமாரி, துணி தொங்கும் கொடி, பஞ்சு மெத்தை என்பன உள்ள படுக்கையறை, விருந்தினரை வரவேற்கும் அழகிய மண்டபத்தினும் பதிவுக்கு உகந்தது. பாடுபவரின் பின்னே மெத்தையொன்றை நிமிர்த்திச் சாத்தி, பக்கத்திற் கனத்த போர்வையைத் தொங்கவிட்டாற் பாதி வேலை முடிந்தது. முட்டை அடுக்கும் அட்டைகளைச் சுவரில் ஒட்டும் வழக்கம் ஒன்று உண்டு. அது பார்வைக்குப் பதிவுக்கூடம் போலத் தோன்றச் செய்யுமேயன்றி ஒலிக்கு அதனாற் பெரும் பயன் இல்லை.

அடுத்தது, வெளியொலி. பதிவு தொடங்குமுன் ஐந்து நிமிடம் அறையில் வாய்பேசாது இருந்து, கேட்பவற்றை ஒரு தாளிற் குறித்துப் பாருங்கள். மின்விசிறி, குளிர்ப்பெட்டி, சுவர்க்கடிகாரம், பக்கத்து வளவுத் தண்ணீர்ப் பம்பி, காகம், ஓட்டோ என்று பட்டியல் நீளும். காகத்துக்கு நாம் உத்தரவிட முடியாது, விசிறிக்கு இடலாம். குளிர்ப்பெட்டியையும் நிறுத்தலாம். மீண்டும் அதனை இயக்க மறந்து வீட்டாரிடம் ஏச்சு வாங்காதிருக்க, மோட்டார்ச் சைக்கிளின் திறப்பை அதனுள் வைத்துவிடுதல் பதிவாளர் கையாளும் ஒரு தந்திரம். திறப்பை எடுக்கப் போகையில் நினைவு வந்துவிடும். தகரக் கூரையுள்ள வீட்டில் மழைநாளிற் பதிவை எண்ணவே வேண்டாம். பொதுவாக விடியற்காலம் நன்று. கோயில் ஒலிபெருக்கி எழுமுன் எழுதல் வேண்டும் என்பதை மாத்திரம் நினைவிற் கொள்க.

இனி ஒலிவாங்கி. கடையிற் பலவகை காட்டுவர். நமக்கு வேண்டியவை இருவகையுள் அடங்கும். ஒன்று இயங்குசுருள் ஒலிவாங்கி. கடையார் ‘டைனமிக்’ என்பர். காந்தத்தினிடையே மெல்லிய கம்பிச்சுருள் அசைய, அவ்வசைவால் மின் பிறக்கின்றது. வகுப்பிற் படித்த மின்காந்தத் தூண்டலே அது. மற்றையது கொள்ளளவி ஒலிவாங்கி, ‘கொண்டென்சர்’ என்பர். இதில் மிக மெல்லிய தகடொன்று நிலையான தகட்டுக்கு முன்னே நின்று அதிர, இரண்டிற்கும் இடையேயுள்ள கொள்ளளவம் மாறுகின்றது. இதற்கு வெளியிலிருந்து மின் ஊட்டல் வேண்டும். வழக்கமாக 48 வோற்று மின் அதே வடத்தின் வழியாகவே கருவிக்குச் செல்லும். தனிக்கம்பி ஏதும் கண்ணுக்குத் தென்படாமையால் அதற்குப் ‘பான்டம் பவர்’ என்று பெயரிட்டனர்.

இவற்றுள் எது சிறந்தது என்பது தவறான கேள்வி. எது நம் வீட்டுக்கு ஏற்றது என்பதே கேள்வி. கொள்ளளவி வகை நுண்மையானது. வீணையின் தந்தியை விரல் தொடும் ஒலி, தம்புராவின் சீவாளியிற் பிறக்கும் மேற்சுரங்கள், வயலினின் வில் திரும்பும் ஓசை ஆகிய யாவற்றையும் அது வாங்கும். அதே நுண்மையால் அடுக்களைச் சட்டுவத்தையும் வாங்கும். அன்றியும், நம் நாட்டு ஈரப்பதம் அதற்கு ஆகாது. ஈரம் ஏறிய கொள்ளளவி ஒலிவாங்கி பொரிவது போன்ற ஓசை எழுப்பும். சிலிக்கா செல் பொதியோடு மூடிய பெட்டியில் வைத்துக் காத்தல் வேண்டும். இயங்குசுருள் வகை முரடு. அது வாய்க்கு அண்மையில் நின்றாலே நன்கு கேட்கும். தூரத்து ஒலியை அவ்வளவாக இலட்சியஞ் செய்யாது. வீதியோரத்து வீட்டுக்கு இந்த முரட்டுத்தனமே நற்குணம். 1966 ஆம் ஆண்டில் ஷூர் கம்பனி வெளியிட்ட எஸ்.எம். 58 என்னும் இயங்குசுருள் ஒலிவாங்கி இன்றும் மேடைதோறும் காணப்படுவதற்கு அதன் உறுதியும் ஒரு காரணம். ஆயின், அதன் பெயரிற் போலிகள் சந்தையில் மலிந்துள்ளன. நம்பகமான விற்பனையாளரிடம் அன்றி வாங்கற்க.

என் கருத்தைக் கேட்பின், ஒரு குரலை மாத்திரம் பதியும் இல்லத்துக்கு நல்ல இயங்குசுருள் ஒலிவாங்கி ஒன்று போதும் என்பேன். தந்திக் கருவி பயில்வோர் வீட்டில், அமைதியான அறையும் இருந்தால், கொள்ளளவி வகையை வாங்குக. கணினியில் நேரே செருகும் யூ.எஸ்.பி. ஒலிவாங்கியும் உண்டு. தனிக்குரலுக்கு அது குறையில்லை. மலிவும் இலகுவும் ஆகும். நாளை மிருதங்கத்தையும் உடன் பதிய வேண்டும் என்று வரும்போது இரண்டாவதை இணைப்பது தொல்லையாகும். ஆதலால் வளர எண்ணுபவருக்கு அது உகந்ததன்று.

எவ்வகை ஒலிவாங்கியாயினும் வைக்கும் இடமே அதன் மதிப்பை நிறுவும். தூரம் இருமடங்கானால் நேரே வரும் ஒலி 6 டெசிபெல் குறையும். அறையின் எதிரொலியோ குறையாது நிற்கும். மூன்றடிக்கு அப்பாலிருந்த ஒலிவாங்கியை ஒன்றரையடிக்குக் கொண்டுவருதல், பணம் செலவின்றி ஒலிவாங்கியை மாற்றியதற்கு நிகர். பாடுவோருக்கு ஒரு சாண் தொடக்கம் ஒரு முழம் வரை பொருந்தும். ஒரு சாணினும் நெருங்கினால் இருவகைத் தீமை உண்டு: பகர ஒலியில் மூச்சு மோதும், தாழ்ந்த சுரங்கள் அளவுக்கு மீறிப் பருக்கும். மூச்சுக்குத் தீர்வு, வாய்க்கு நேரே வையாது சற்றுப் பக்கமாக வைத்தல். நம் பாடகர் நிலத்திற் சப்பாணியிட்டிருந்து பாடுவதும், தாளம் போடுங் கை ஏறியிறங்குவதும், சங்கதி போகும் திசையிலே தலையும் போவதும் மேல்நாட்டுக் கையேடுகளில் இல்லாதவை. உயரங் குறைந்த தாங்கி ஒன்று வாங்குக. தொடையில் விழும் தாளத்தட்டுப் பதியாதபடி வாயின் மட்டத்துக்குச் சற்று மேலிருந்து கீழ்நோக்கி வைக்க.

மிருதங்கத்துக்கு வலந்தலைக்கு ஒன்றும் தொப்பிக்கு ஒன்றுமாக இரண்டு வைப்பது மேடை வழக்கம். வீட்டிலே, இரண்டடி தள்ளி முன்புறத்தில் ஒன்றே வைத்தால் இரு பக்கமும் இயல்பான அளவிற் சேர்ந்து ஒலிக்கும். ஒரே ஒலி இரண்டு ஒலிவாங்கிகளுக்கு வெவ்வேறு கணத்திற் சென்றடைந்தால் ஓரலையின் முகடு மற்றதன் தாழியிற் பட்டுச் சில சுரங்கள் மெலிந்துபோம். புராணபடனம் போல இருவர் மாறிமாறி ஒலிக்கும் இடத்தில் இரண்டு வேண்டும். அப்போது ஒருவருக்கும் அவருடைய ஒலிவாங்கிக்கும் உள்ள தூரத்தைப் போல மும்மடங்கேனும் இரு ஒலிவாங்கிகளுக்கு இடையே இருக்குமாறு அமர்த்துக.

ஒலிவாங்கியிற் பிறக்கும் மின் மிக நுண்ணியது. அதனைப் பெருக்கி, இலக்கமாக மாற்றி, கணினிக்கு ஊட்டுவது ஒலி இடைமுகம் என்னும் சிறுபெட்டி. கணினியிலேயே ஒலிவாங்கித் துளை ஒன்று இருக்கிறதே என்பீர்கள். அது பேசுவதற்கென அமைந்தது. அதன் இரைச்சல் மெல்லிய ஆலாபனையை மூடும். போக்கஸ்றைற், பெரிங்கர், ஸ்ரைன்பேர்க் முதலிய கம்பனிகள் இரண்டு உள்வாயில் கொண்ட பெட்டிகளைச் செய்கின்றன. இரண்டு உள்வாயில் உள்ளதையே தெரிக. ஒன்றுள்ளது விரைவிற் போதாமற் போகும், எட்டுள்ளது வீணே கிடக்கும். 48 வோற்று ஊட்டல் இரு வாயிலுக்கும் உண்டா என்று பார்க்க. தனிச்செலுத்தி வேண்டாது எக்கணினியிலும் இயங்கும் பொதுவகையா என்றும் கேட்க. அவ்வகைப் பெட்டி, அதைச் செய்த கம்பனி கைவிட்ட பின்னரும் வேலை செய்யும்.

இவ்விடத்திற் கடல் கடந்து வாழும் பழைய மாணவர்க்கு ஒரு சொல். ஊருக்கு வரும்போது உறவினர்க்கு இசைக்கருவி கொண்டுவர விரும்புவோர், கனத்த கணினியைச் சுமந்து வருவதிலும் ஒலிவாங்கி ஒன்றும் இவ்விடைமுகப் பெட்டி ஒன்றும் கொண்டுவருதல் நன்று. யூ.எஸ்.பி. வடத்திலிருந்தே மின் பெறும் பெட்டிக்கு ரொறன்ரோவும் யாழ்ப்பாணமும் ஒன்றுதான். சுவர்மின்னில் இயங்கும் ஒலிபெருக்கிகளைக் கனடாவில் வாங்கி வருவோர் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். அங்கே 120 வோற்று, இங்கே 230. இரண்டையும் ஏற்கும் என அதன் முதுகில் எழுதியிராவிட்டால், செருகிய கணத்திற் புகைதான் எழும். இலண்டனிலிருந்து வருபவற்றுக்கு இவ்விடர் இல்லை.

இலக்கமாக மாற்றுதல் என்பது யாது? ஒலியலையின் உயரத்தை ஒரு செக்கனில் ஆயிரக்கணக்கான தடவை அளந்து எண்ணாக எழுதுதலே. மனிதச் செவி ஏறக்குறைய 20 ஹேட்ஸ் முதல் 20,000 ஹேட்ஸ் வரையுள்ள அதிர்வுகளைக் கேட்கும். ஓர் அதிர்வைத் தவறாது பிடிக்க அதன் மீடிறனின் இருமடங்குக்கு மேற்பட்ட தடவை அளத்தல் வேண்டும் என்பது நைகுவிஸ்ற், ஷானன் ஆகியோரின் பெயரால் வழங்கும் தேற்றம். ஆகவே 40,000 இற்குச் சற்று மேல் வேண்டும். 1982 இல் விற்பனைக்கு வந்த இறுவட்டுக்கு 44,100 என்று வகுத்தார்கள். இந்த எண் ஏன் இத்தனை கோணலானது என்று மாணவர் கேட்கலாம். அக்காலத்தில் இவ்வளவு எண்களைக் கொள்ளும் ஊடகம் வீடியோ நாடாவே. அதில் ஒரு படக்கோட்டிற்கு மூன்று எண்களாக எழுதினர். அமெரிக்க முறையிற் செக்கனுக்கு 60 புலங்கள், புலத்துக்குப் பயன்படும் கோடு 245. ஐரோப்பிய முறையில் 50 புலங்கள், கோடு 294. இரண்டையும் மூன்றாற் பெருக்கிப் பாருங்கள். 44,100 என்ற ஒரே விடை வரும். தொலைக்காட்சி நாடா வழக்கொழிந்தும் அதன் தழும்பு இசையில் நின்றுவிட்டது.

இன்று வீட்டிற் பதிவோர் 48,000 தடவை என்பதைத் தெரிந்தாற் போதும். காணொளியோடு சேர்க்கவும் அதுவே உகந்தது. 96,000, 192,000 என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பது செவிக்கன்று, கண்ணுக்கு. ஒவ்வோர் அளவையும் எத்தனை நுட்பமாக எழுதுவது என்பது வேறு விடயம். இதில் மாத்திரம் தாராளம் வேண்டும். 0, 1 என்னும் ஈரிலக்கங்கள் 16 கொண்டு எழுதினால் 65,536 படிகள். 24 கொண்டு எழுதினால் 1 கோடி 67 இலட்சத்துக்கு மேற்பட்ட படிகள். முன்னதிற் பதிவோர் ஒலியை உச்சிக்கு நெருக்கமாக ஏற்றியே பதிய வேண்டியிருந்தது. உச்சியைத் தாண்டினால் அலையின் தலை வெட்டுண்டு போகும். வெட்டுண்டதை மீட்டல் அரிது. 24 இற் பதிந்தால் உச்சிக்கு 12 டெசிபெல் கீழே நின்று அச்சமின்றிப் பதியலாம். தாரத்தாயிப் பஞ்சமத்திற் பாடகர் திடீரெனக் குரலை எடுத்தாலும் இடமிருக்கும்.

இப்போதுதான் கணினி வருகின்றது. மேற்சொன்ன அளவிற் பதியும்போது ஓர் ஒலிவாங்கிக்குச் செக்கனுக்கு 144,000 பைற்று. இரண்டு ஒலிவாங்கிகளுக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒரு கிகாபைற்றுக்குச் சிறிது மேல். கடந்த பத்தாண்டிற் செய்யப்பட்ட எம்மடிக்கணினியும் இதனை வியர்வையின்றிச் செய்யும். நினைவகம் 8 கிகாபைற்று இருந்தாற் போதும். சேமிப்பகம், சுழலும் தட்டு அற்ற எஸ்.எஸ்.டி. வகையாய் இருத்தல் வேண்டும். அது விரைவானது என்பது ஒரு காரணம். ஓசையற்றது என்பது எனக்குப் பெரிதாய்ப்படும் காரணம். கணினியின் விசிறி ஓசையும் பதிவிற் புகும். அப்பிள் கம்பனி 2020 ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட எம்1 மக்புக் எயாரில் விசிறியே இல்லை. கைமாறிய விலைக்குக் கிடைப்பின் நல்ல தெரிவு. விசிறி உள்ளதைக் கைவடத்தின் நீளம் இடங்கொடுக்கும் அளவுக்குத் தள்ளி வைக்க.

பழைய கணினியை விண்டோஸ் 10 இல் இயக்குவோர், மைக்கிறோசொப்ற் அதற்குரிய பொதுவான ஆதரவை 2025 ஒக்ரோபர் 14 ஆம் நாளுடன் நிறுத்தியதை அறிந்திருப்பர். அதற்காகக் கணினியை எறிய வேண்டியதில்லை. இணையத்தினின்றும் துண்டித்துப் பதிவுக்கென்றே ஒதுக்கினால் அது இன்னும் பல்லாண்டு உழைக்கும். லினக்ஸ் இடத் தெரிந்த மாணவர் வீட்டில் இருந்தால் இன்னும் நன்று. கணினிக்குள்ளேயே செயற்கை வாத்தியங்களை ஒலிக்கச் செய்து மெல்லிசை அமைக்க விரும்புவோர் நிலை வேறு. அவ்வாத்தியங்களின் ஒலிமாதிரிகள் நினைவகத்தை நிரப்புவன. அவர்கள் 16 கிகாபைற்றோ அதற்கு மேலோ உடையதையே நாடவேண்டும்.

மேசைக்கணினியா மடிக்கணினியா என்பார்க்கு மடிக்கணினி என்பதே என் விடை. 2022 ஆம் ஆண்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிவரை மின் தடைப்பட்டதை நாம் மறக்கவில்லை. மின்கலம் உள்ள கருவி நின்றுபோகாது என்பதற்கு மேலும் ஒரு நன்மை உண்டு. நம் வீட்டு மின் 50 ஹேட்ஸில் அலைவது. நில இணைப்புச் செம்மையற்ற வீட்டில் அது பதிவினுள் ஊர்ந்து 50 இலும் 100 இலும் முரலும். ஒரு கட்டைச் சுருதியிற் பாடும் ஆடவரின் மந்திரத்தாயிப் பஞ்சமம் ஏறக்குறைய 98 ஹேட்ஸ். 100 ஹேட்ஸ் முரலொலி அதற்கு மிக அண்மையில், சற்றே ஏறி நிற்கும். வெறும் இரைச்சலாயிருந்தாற் பொறுக்கலாம். இதுவோ சுருதி சேராத தம்புரா ஒன்று பக்கத்தில் இருந்து மீட்டுவது போன்றது. மின்னேற்றியைக் கழற்றிவிட்டு மின்கலத்தில் இயக்கினால் இத்தொல்லை பெரும்பாலும் ஒழியும்.

பதிவின்போது பாடகர் தம் குரலைச் செவிக்கருவியிற் கேட்க விரும்பின் ஒரு நுட்பம் அறிக. கணினி ஒலியைச் சிறு பொதிகளாகத் திரட்டியே வாங்கும். 256 அளவுகள் கொண்ட பொதிக்கு 5 மில்லிசெக்கனுக்கு மேற் செல்லும். அக்காலத்திற் காற்றில் ஒலி ஏறக்குறைய ஆறடி செல்லும். உள்வருதலும் வெளிச்செல்லலும் சேர்ந்து இருமடங்காகும். பொதியை 1,024 ஆகப் பெருக்கினால், தம் குரலே கோயில் வீதியின் மறுகோடியிலிருந்து வருவது போலப் பாடகர்க்குத் தோன்றித் தாளம் தளரும். கணினிக்குள் நுழையுமுன்பே ஒலியைத் திருப்பிச் செவிக்குத் தரும் வசதி நல்ல இடைமுகப் பெட்டிகளில் உண்டு. அதனைப் பயன்படுத்தினால் வேகமான கணினிக்காகப் பணம் இறைக்க வேண்டியதில்லை. செவிக்கருவி, காதை முற்றாக மூடும் வகையாயிருக்கட்டும். இன்றேல் அதிலிருந்து கசியும் தம்புரா ஒலி மீண்டும் ஒலிவாங்கியுட் புகும்.

மென்பொருளைப் பற்றி நீள எழுத வேண்டியதில்லை. கார்ணகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2000 ஆம் ஆண்டில் வெளியான ஓடாசிற்றி இலவசமானது. பதிந்து, வெட்டி, ஒட்டுவதற்குத் தாராளமாகப் போதும். அப்பிள் கணினி உடையார்க்குக் கராஜ்பாண்ட் இலவசமாகவே கிடைக்கும். பல தடங்களைத் தனித்தனி பதிந்து கலக்க விரும்புவோர்க்கு றீப்பர் என்பதைச் சொல்வேன். அறுபது நாள் பரீட்சித்துப் பார்க்கலாம். பின்னர்த் தனியாள் உரிமத்துக்கு அறுபது அமெரிக்க டொலர். சிறு கணினியிலும் தள்ளாடாது நடக்கும். புரோ டூல்ஸ் முதலிய பெரும் மென்பொருள்கள் பதிவுக்கூடத் தொழிலாளர்க்கு உரியன. அவற்றின் திருட்டுப் படிகளை நண்பர் தருவர். அவற்றோடு வரும் கிருமி ஒருநாள் பதிவுகளையும் தின்றுவிடும். நல்ல இலவச மென்பொருள் இருக்கையில் அவ்வழி எதற்கு?

ஒன்றை மாத்திரம் விலக்குக. 1997 இல் அன்ராறஸ் கம்பனி வெளியிட்ட ஓட்டோ-டியூன் தொடக்கம் சுரத்தைத் தானே திருத்தும் மென்பொருள்கள் பல வந்துள்ளன. அவை ஒரு தாயியைப் பன்னிரண்டு சமபடிகளாகக் கொண்டு, குரல் எப்படிக்கு அண்மையில் நிற்கின்றதோ அதற்கு இழுத்து நிறுத்துவன. மேல்நாட்டு மெல்லிசைக்கு அது பொருந்தலாம். தோடியிற் காந்தாரம் ஓரிடத்தில் நில்லாது அசைந்தாடுவது, அவ்வசைவே தோடி. அதனைப் பிழையென எண்ணித் திருத்தும் மென்பொருள் இராகத்தையே அழிக்கின்றது. 1983 இல் எழுந்த மிடி என்னும் இணைப்பு முறையிலும் இதே கவனம் வேண்டும். விசைப்பலகையை அழுத்தும்போது அது எழுதுவது ஒலியை அன்று, எந்தக் கட்டை எப்போது அழுத்தப்பட்டது என்பதையே. சுரத்தை வளைக்க அதில் வழியுண்டெனினும் கமகத்தைக் கையால் உயிர்ப்பித்தல் எளிதன்று.

பதிந்ததைக் காப்பதே கடைசி வேலை. பலர் செய்யாது விடுவதும் இதுவே. மூலப்பதிவை வேவ் வடிவிலோ, இழப்பின்றிச் சுருக்கும் பிளாக் வடிவிலோ வைத்திருக்க. பிளாக்கில் இடம் ஏறக்குறைய பாதியாகும். ஒலியில் ஓர் எண்ணும் குறையாது. எம்.பி.3 செவிக்குத் தோன்றாதென்று கருதியவற்றை வீசிவிடுவது; வீசியது திரும்பாது. வட்ஸ்அப்பில் உறவினர்க்கு அனுப்புவது நன்றே. ஆயின், அனுப்பியதே மூலமாகிவிடக் கூடாது. 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் நூல்களும் அங்கே இருந்தமையால் அவை என்றென்றைக்கும் ஒழிந்தன. ஓலையைப் படியெடுக்க மாதங்கள் ஆகும். ஒலிப்பதிவைப் படியெடுக்கச் சில நிமிடங்களே ஆகும். ஆகவே மூன்று படி வைக்க: ஒன்று கணினியில், ஒன்று தனியே கழற்றி வைக்கும் வட்டில், ஒன்று வேறூரில். கொழும்பிலோ இலண்டனிலோ உள்ள உடன்பிறப்பிடம் இருப்பது சிறப்பு. இணையக் களஞ்சியமும் ஆகும். கழற்றி வைக்கும் வட்டை ஆண்டுக்கொருமுறையேனும் இணைத்துத் திறந்து பார்க்க.

கோப்புக்குப் பெயரிடும்போது ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் எண்ணை முதலில் எழுதி, பின்னர்ப் பாடியவர் பெயரையும் பாடலின் முதலையும் எழுதினால் அவை தாமாகவே காலமுறையில் அடுக்கி நிற்கும். கோப்பின் பெயர் ஒருகாலத்தில் மாறிப்போகலாம். ஆதலாற் பதிவு தொடங்கியவுடனே, பாடுபவரையே தம் பெயர், ஊர், அன்றைய திகதி, பாடப்போகும் பாட்டு, அதனை யாரிடம் கற்றார் என்பவற்றை ஒலிவாங்கியிற் சொல்லச் செய்க. முதியவராயின் இதற்கே கால்மணி நேரம் எடுப்பார்; இடையில் நிறுத்தாது பதிந்துகொண்டேயிருங்கள்.